பேட்ச் இன்னும் கடைக்கு வரவில்லை, கடையில் விற்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கையில் ஒட்டிக்கொண்டால் ரத்தக் குழாயையும் பிரஷரையும் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் அல்ட்ராசவுண்ட் பேட்ச் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இங்கே பர்மாவில், ரங்கூனில் போனில் படித்தேன். நல்ல கட்டுரை. எழுதியவர் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு மேலே ‘இனி பிரஷர் பார்க்கப் பட்டை வேண்டாம்’ என்று, மேல்கையில் சுற்றிக் காற்று ஊதி அளக்கிற பட்டையே தேவையில்லை என்கிற மாதிரி, கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு போட்டீர்களே, அதுதான் எங்களுக்குத் தொல்லையாகிவிட்டது. கட்டுரையை யாரும் திறந்து படிக்கவில்லை, தலைப்பை மட்டும் படம் பிடித்து வைபரில் அனுப்பிவிட்டார்கள். ரங்கூனிலிருந்து பெகு, தட்டோன், மோல்மீன் வரைக்கும் நம் ஆட்கள் குழுக்களில் அது சுற்றுகிறது.

எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச மருத்துவ முகாம் நடக்கும். டாக்டரிடம் போவதற்கு முன்னால் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் நர்ஸ் இல்லை, டாக்டர்கள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்ததைக் கற்றுக்கொண்ட தொண்டர். தலைப்பு சுற்ற ஆரம்பித்த பிறகு வந்த முகாமில் பெரியவர் ஒருவர் பட்டை கட்ட நீட்ட வேண்டிய கையை நீட்டவில்லை, மற்றக் கையை நீட்டினார். அதில் புதிதாக ஒரு கைக்கடிகாரம். ஒரு பக்கம் தட்டினால் பச்சை விளக்கு மினுக்கி, கொஞ்ச நேரத்தில் 120-க்கு 78 என்று காட்டுகிறது. “ஏம்மா, பேப்பர்ல வந்த மிஷின் இதுதானே? கடைக்காரன் இதுதான்னு சொல்லிக் குடுத்தான். மாத்திரையைப் பாதியாக் குறைச்சுக்கலாம்ல?” என்று கேட்டார். பெரியப்பா, அது இருக்கட்டும், இந்தக் கையையும் கொடுங்கள் என்று சொல்லி உட்கார வைத்து, ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுக்காமல் விட்டு, பட்டை கட்டிப் பார்த்தேன். மேல் அளவு 170-க்கு மேலே போனது. திரும்பவும் பார்த்தேன், அதே பக்கம்தான். அந்தக் கடிகாரத்தை என் கையில் கட்டினாலும் 120 பக்கம்தான் காட்டியது, பக்கத்தில் நின்ற பையன் கையில் கட்டினாலும் அப்படியே. அவர் மாத்திரையைக் குறைக்கும் முன்னால் வந்தாரே என்று நினைத்துக்கொண்டேன். வராதவர்கள் எத்தனை பேரோ.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பேட்ச் ஒரு நல்ல பொருள், அதைப் பற்றி நீங்கள் இன்னும் எழுத வேண்டும். ஆனால் அது இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை, அதன் பேரைச் சொல்லி இப்போது விற்கிற கடிகாரம் முற்றிலும் வேறு சாதனம், இரண்டையும் வாசகருக்குப் பிரித்துக் காட்டும் வேலை உங்களுடையது.

முதலில் அந்தப் பேட்ச் என்ன செய்கிறது என்று, கட்டுரையில் இரண்டு வரியில் கடந்து போனதை, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே ஒலிதான், காதுக்குக் கேட்காத அளவுக்கு அதிர்வெண் கூடிய ஒலி. மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் தரும் சின்னச் சின்னச் சில்லுகளை, வளைந்து நீளக்கூடிய சிலிக்கோன் மெத்தையில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். சில்லு ஒரு ஒலித் துடிப்பை உள்ளே அனுப்பும். அது தோலையும் சதையையும் தாண்டிப் போய், தமனியின் மேல் சுவரில் பட்டு ஒரு எதிரொலி, அடிச் சுவரில் பட்டு இன்னொரு எதிரொலி என்று திரும்பி வரும். உடம்புக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் என்பது தெரிந்த கணக்கு. நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் என்றால் இரண்டு எதிரொலிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஐந்து கூறுதான். அந்த ஐந்து கூறு, இதயம் துடிக்கும்போது குழாய் விரிந்தால் ஒரு துளி கூடும், சுருங்கினால் ஒரு துளி குறையும். அந்தத் துளியை விடாமல் அளந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் குழாயின் அகலம் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கோடு கிடைக்கிறது. பிரஷரை அதிலிருந்துதான் கணக்கிட்டு எடுக்கிறார்கள்.

இந்தக் கோடு கிடைப்பது பெரிய விஷயம் என்பதை நான் உணர்ந்து சொல்கிறேன். நாங்கள் கட்டும் பட்டை வாரத்தில் ஒரு நாள் ஒரு நிமிஷம் நடந்ததைத்தான் சொல்லும், மற்ற நேரமெல்லாம் எங்களுக்கு இருட்டு.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியர் ஷெங் ஷூ என்பவரின் குழு 2018-லேயே இப்படி ஒரு பேட்ச் செய்து கழுத்துத் தமனியில் ஒட்டிப் பார்த்து அறிக்கை வெளியிட்டது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லை, நாலு சென்டிமீட்டர் ஆழம் வரை பார்த்தது. 2022-ல் அமெரிக்காவிலேயே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஷுவான்ஹே ஜாவோ குழு, 48 மணி நேரம் வரை தோலிலிருந்து கழலாமல் படம் எடுக்கும் ஸ்டிக்கர் ஒன்றைக் காட்டினார்கள். அதில் பெரிய குழாய்கள், இதயம், நுரையீரல், வயிறு எல்லாம் தெரிந்தது. 2023-ல் சான் டியாகோ குழுவே ஒயர் இல்லாமல், பேட்டரியும் மின்சுற்றும் கூடவே இருக்கிற மாதிரி ஒன்றைச் செய்து, 16 சென்டிமீட்டருக்கும் ஆழமாகப் பார்க்க முடிகிறது, 12 மணி நேரம் ஓடுகிறது என்று காட்டினார்கள். ஆள் நடந்தாலும் அசைந்தாலும் குழாய் இருக்கும் இடத்தைக் கணினியே தேடிப் பிடித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். இவையெல்லாம் உங்கள் கட்டுரையில் இருந்தன, சரி.

முக்கியமானது 2024 நவம்பரில் வந்த ஆய்வு. அதைத்தான் தலைப்பு தவறாக எடுத்துக்கொண்டது. தபால் தலை அளவு பேட்ச் ஒன்றை முன்கையில் ஒட்டி 117 பேரிடம் சோதித்தார்கள். சிலரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், கையை, காலைத் தூக்க வைத்தார்கள், மனக்கணக்குப் போட வைத்தார்கள், சாப்பிட வைத்தார்கள். 85 பேரை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்கிற மாதிரி நிலை மாற்றிப் பார்த்தார்கள். 21 பேர் இதயக் குழாய்ச் சோதனைக்கு மேசையில் படுத்த நோயாளிகள், நான்கு பேர் அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். இந்தக் கடைசி இரண்டு கூட்டத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அவர்களுக்குத் தமனிக்குள்ளேயே நேரடியாக மெல்லிய குழாய் விட்டு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதைவிடத் துல்லியமான அளவு கிடையாது, அதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பேட்ச் ஒத்துப் போனது. நல்ல சேதி, சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் செய்தவர்களே அடுத்து பெரிய அளவில் சோதனை நடத்த வேண்டும், ஒயர் இல்லாத, பேட்டரியில் ஓடும் வடிவத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். பட்டையைத் தூக்கிப் போடுங்கள் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பேட்சுக்கே பட்டை வேண்டும். இதைத்தான் உங்கள் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பேட்ச் அளப்பது குழாயின் அகலத்தை, பிரஷரை அல்ல. அகலத்தைப் பிரஷராக மாற்ற வேண்டுமானால் அந்த ஆளின் குழாய் எவ்வளவு இளக்கம், எவ்வளவு விறைப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். புது ரப்பர் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது புடைக்கும், வெயிலில் கிடந்து காய்ந்த பழைய குழாயில் அதே தண்ணீர் அதே வேகத்தில் வந்தாலும் அவ்வளவாகப் புடைக்காது. இருபது வயதுப் பெண்ணின் தமனியும், முப்பது வருஷம் சர்க்கரையோடு இருக்கிற எழுபது வயதுத் தாத்தாவின் தமனியும் அப்படித்தான். அதனால் முதலில் பட்டை கட்டி ஒரு தரம் பிரஷர் எடுத்து, இந்த அகலத்துக்கு இந்தப் பிரஷர் என்று பேட்சுக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். மாத்திரை மாறினாலும், காலம் போகப் போகக் குழாய் விறைத்தாலும் திரும்பவும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த முதல் அளவைத் தப்பாக எடுத்தால் பேட்ச் நாள் முழுக்கத் தப்பையே ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். அதில் ஒலியே கிடையாது. பச்சை விளக்கைத் தோலில் அடித்து, எவ்வளவு வெளிச்சம் திரும்புகிறது என்று பார்க்கிறது. ரத்தம் வரும்போது கொஞ்சம் குறையும், போகும்போது கூடும், அதிலிருந்து நாடித் துடிப்பை எண்ணலாம், அது வரைக்கும் நியாயம். அந்த வெளிச்சம் தோலுக்குக் கீழே உள்ள நுண்குழாய்கள் வரைதான் போகிறது, உள்ளே ஓடும் தமனியின் சுவரை அது பார்ப்பதே இல்லை. அங்கிருந்து பிரஷருக்குப் போவது நீண்ட ஊகம், மலிவுக் கடிகாரங்களில் பல சராசரி ஆளுக்கு என்ன இருக்குமோ அதைத்தான் சுற்றிச் சுற்றிக் காட்டுகின்றன. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பட்டையில்லாத சாதனங்களை வைத்து நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்தை மாற்றவோ கூடாது என்று சொல்லிவிட்டது. நல்ல கம்பெனிக் கடிகாரத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சு.

இதில் நம் ஆட்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. வெளிச்சம் என்றால் தோலின் கருமை குறுக்கே வரும். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தோமே, அந்தக் கருவியைப் பற்றி அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஒரு ஆய்வு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருக்கிறது என்று காட்டியது, கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். ஒலிக்கு நிறம் கிடையாது. கறுத்த தோலோ வெளுத்த தோலோ, எதிரொலி ஒரே மாதிரிதான் திரும்பும். அல்ட்ராசவுண்ட் பேட்ச் மேல் எனக்கு ஆசை வருவதற்கு இதுவே ஒரு காரணம், உங்கள் கட்டுரையில் இதையும் சொல்லியிருந்தால் தமிழ் வாசகருக்கு உடனே புரிந்திருக்கும், கடிகாரம் வேறு பேட்ச் வேறு என்பதும் கூடவே பிடிபட்டிருக்கும்.

ஆசை வருவதற்கு மற்றக் காரணம் எங்கள் மாடிப்படி. ரங்கூன் நடுநகரத்தில் நம் ஆட்கள் இருக்கிற கட்டடங்கள் பல ஆறு ஏழு மாடி, லிப்ட் கிடையாது, படி செங்குத்தாக, குறுகலாக, பகலிலேயே இருட்டாக இருக்கும். மேல் மாடிப் பாட்டிமார் கீழே இறங்குவதே இல்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் பை கட்டி இறக்கிக் காய்கறி வாங்கிக்கொள்வார்கள், மருந்துச் சீட்டும் அதே பையில்தான் இறங்கும், மாத்திரை அதே பையில் ஏறும். பேரன் போய் பழைய அட்டையைக் காட்டி, இதே மாத்திரை ஒரு அட்டை என்று இந்தியாவிலிருந்து வருகிற ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை வாங்கி வருவான். பிரஷர் இப்போது எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. முகாமுக்கு எப்படியோ பிடித்துக் கூட்டி வந்தாலும், இறங்கி நடந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தவருக்கு அந்த நேரத்தில் எடுக்கிற அளவு அவருடைய வழக்கமான அளவாக இருக்காது. வீட்டில் சும்மா இருக்கும்போது நல்லபடியாக இருந்து டாக்டர் முன்னால் ஏறுகிறவர்கள் ஒரு வகை, டாக்டர் முன்னால் நல்லபடியாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்கள் இன்னொரு வகை, இரண்டாவது வகைதான் பயம், ஏனென்றால் அவர்களை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

அப்புறம் ராத்திரி. தூக்கத்தில் பிரஷர் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை இறங்குவது வழக்கம். சிலருக்கு இறங்குவதில்லை, சிலருக்கு ஏறவே செய்கிறது, அவர்களுக்குத்தான் பக்கவாதமும் மாரடைப்பும் அதிகம் வருகிறது. இதைக் கண்டுபிடிக்க 24 மணி நேரம் பட்டையைக் கட்டியே அனுப்புகிற முறை ஒன்று இருக்கிறது, பகலில் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தரம், ராத்திரியில் அரை மணிக்கு ஒரு தரம் அது தானே ஊதிக் கையை இறுக்கும். கட்டிப் படுத்தவர்கள் தூக்கமே வரவில்லை என்று சொல்கிறார்கள், தூங்காத ஆளிடம் தூக்கப் பிரஷரை எப்படி எடுப்பது? பேட்ச் இறுக்காது, சத்தம் போடாது, ஒட்டிய இடத்தில் இருந்துகொண்டே ஒவ்வொரு துடிப்பையும் எழுதும். ஆறாம் மாடிப் பாட்டிக்கு அதை ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து எடுத்து வந்து டாக்டரிடம் கொடுக்க முடிந்தால், எங்கள் வேலையே வேறு மாதிரி ஆகிவிடும். தமிழ்நாட்டில் 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கே போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்று ஏங்குகிறோம். அந்த மாதிரி வீடு வீடாகப் போகிறவர்கள் கையில்தான் இந்தப் பேட்ச் முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஓட்டப் பந்தயக்காரர் கையில் போய் அலங்காரமாக உட்கார்ந்தால் அதனால் யாருக்கு என்ன லாபம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் கொடுத்த கணக்கில், 30 வயதிலிருந்து 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 128 கோடி. மூன்றில் இரண்டு பங்கு பேர் எங்களைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, 46 சதவீதம், தங்களுக்கு இருப்பதே தெரியாது. கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர். இங்கே சாப்பாட்டைப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. நம் ஆட்களின் சமையலில் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஏற்கெனவே உண்டு, அதோடு இந்த ஊர் நாப்பி என்கிற உப்பிட்டுப் புளிக்க வைத்த மீன், இறால் விழுதும் மீன் சாறும் சேர்ந்துகொண்டது, உப்பு எங்கிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது. வெற்றிலையும் வாயை விட்டுப் போவதில்லை, அதற்குள் புகையிலை.

ஆனால் பேட்ச் எங்கள் ஊருக்கு வரும் முன்னால் எங்கள் ஊரைப் போன்ற இடத்தில் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அல்ட்ராசவுண்டுக்குக் காற்றுதான் எதிரி. தோலுக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் ஒலி உள்ளே போகாமல் அங்கேயே திரும்பிவிடும். ஸ்கேன் எடுக்கிறவர்கள் ஜெல் தடவுவது அதற்காகத்தான், எம்.ஐ.டி. ஸ்டிக்கரில் காய்ந்து போகாத ஜெல்லை மெல்லிய படலத்துக்குள் மூடி வைத்ததும் அதற்காகத்தான். ஏப்ரல் மாதம் ரங்கூனில் மின்சாரம் போய், காற்றாடி நின்று, வியர்வை கொட்டுகிற மத்தியானம் முன்கையில் ஒட்டிய எதுவும் ஓரத்தில் கிளம்பிவிடும், சாதாரணப் பிளாஸ்திரியே நிற்காது. இங்கே பெண்கள் கையில் தனாக்கா என்ற மரத்தை அரைத்த சாந்தைப் பூசுகிறார்கள், அது காய்ந்தால் பொடியாக இருக்கும், அதன் மேல் எப்படி ஒட்டும்? ஜூன் பிறந்துவிட்டால் மழை, துணியே காயாது. வயதானவர்களின் தோலோ காகிதம் மாதிரி மெல்லிசு, இரண்டு நாள் ஒட்டியதை உரித்தால் தோலும் சேர்ந்து வரும் என்ற பயம் இருக்கிறது. 12 மணி நேரம் ஓடும் பேட்டரி என்றால், திரும்பச் சார்ஜ் ஏற்ற மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் அது எத்தனை மணி நேரம்? குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசிக்க மாட்டார்கள் என்று நான் குறை சொல்லவில்லை. சென்னையிலும் மதுரையிலும் வெயிலும் வியர்வையும் உண்டு, அங்கே நல்ல டாக்டர்களும் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இந்த வேலையைக் கையில் எடுத்தால் எங்களுக்கும் பயன்படும். இதையும் உங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் எழுத வேண்டும்.

அது வரும் வரைக்கும் எங்களுக்குப் பட்டைதான். ரிவா ரோச்சி என்ற இத்தாலிய டாக்டர் 1896-ல் கையில் பட்டை கட்டி அளக்கும் முறையைக் கொண்டுவந்தார், 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய டாக்டர் அதோடு ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்கச் சொன்னார், இன்றைக்கும் உலகம் முழுக்க மாத்திரை எழுதுவது பட்டை காட்டும் அளவை வைத்துத்தான். நூறு வருஷத்துக்கும் மேல் ஆன முறை என்பதால் அதை ஒழுங்காகச் செய்கிறோம் என்று அர்த்தம் இல்லை. முகாமில் பார்க்கிறேன், ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி நீட்டுகிறார்கள், பருமனான கைக்குச் சின்னப் பட்டையை இழுத்துக் கட்டி இல்லாத பிரஷரை இருப்பதாக எழுதிக்கொள்கிறார்கள், அளந்துகொண்டிருக்கும்போதே மகளோடு சண்டை போடுகிறார்கள். வீட்டு மிஷினில் பேட்டரி தீர்ந்து போய் முக்கி முக்கி ஊதும், அதையும் எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. முதலாவது, உங்கள் பத்திரிகையிலும் இணையப் பக்கத்திலும் வருகிற கைக்கடிகார விளம்பரங்களில் ‘ரத்த அழுத்தம் பார்க்கும்’ என்று இருந்தால் அதை அப்படியே வாங்கிப் போடாதீர்கள். பட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த சாதனமா, எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். விளம்பர வருமானம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உங்கள் பேரை நம்பித்தான் அந்தப் பெரியவர் கடைக்குப் போனார். பேட்ச் பற்றிய கட்டுரைக்கும் ஒரு திருத்தம் போடுங்கள், அது இன்னும் விற்பனைக்கு வரவில்லை, அதற்கும் பட்டை வேண்டும் என்ற இரண்டு விஷயமும் தலைப்பிலேயே இருக்கட்டும். வைபரில் தலைப்புதான் போகும்.

இரண்டாவது, வீட்டில் பிரஷர் பார்க்கும் முறையைப் படத்தோடு கால் பக்கம் போடுங்கள். நாங்கள் அதை அச்செடுத்து மண்டபச் சுவரில் ஒட்டுகிறோம், மாடி மாடியாகக் கொடுக்கவும் செய்கிறோம். காப்பி, வெற்றிலை, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் போய்விட்டு வந்து உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம், கை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு, பட்டை வெறும் தோலில், பேச்சு கூடாது, ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் தரம், இரண்டையும் தேதியோடு எழுத வேண்டும், மாத்திரையை டாக்டர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கப் போகிறவர்கள் பலருக்குக் கண்ணாடி பழசு. பட்டையின் அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிஷினோடு வருகிற சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22-லிருந்து 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான், அது பட்டையிலேயே அச்சிட்டிருக்கும், தையல்காரர் டேப் எடுத்து மேல்கையை அளந்து பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள், கை அதைவிடப் பெரிதாக இருந்தால் பெரிய பட்டை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ரங்கூன்